உச்சவரம்பு நாலு பவுண்டு: ஜிம்மி ஸ்பியர்ஸின் கால்பந்து வாழ்க்கை

கேள்வி இது: நூறு வருடங்களுக்கும் முன்னால் ஸ்காட்லாந்தில் பிறந்து, கால்பந்தையே பிழைப்பாக எடுத்துக்கொண்ட ஒருவருடைய வாழ்க்கை எப்படி இருந்தது? இன்றைய வீரர்கள் மாதிரி வசதியாக இருந்தார்களா? அவர்கள் விருப்பப்படி கிளப் மாற முடிந்ததா?

பொதுப்படையாகச் சொல்லிக்கொண்டே போனால் எதுவும் மனதில் நிற்காது. அதனால் ஒரே ஒரு ஆளை எடுத்துக்கொள்கிறேன். பெயர் ஜேம்ஸ் ஹாமில்டன் ஸ்பியர்ஸ். எல்லோருக்கும் ஜிம்மி. 1886 மார்ச் 22-ல் கிளாஸ்கோவில் பிறந்தவர். 1911-ல் இங்கிலாந்தின் எஃப்.ஏ. கோப்பை இறுதி ஆட்டத்தில் வெற்றி கோலை அடித்து, கேப்டனாக அந்தக் கோப்பையைக் கையில் வாங்கியவர். ஆறு வருடம் கழித்து பெல்ஜியத்துச் சேற்றில் உயிரைவிட்டவர். இவரை எடுத்துக்கொள்ள ஒரு காரணம் உண்டு. அந்தக் காலத்து வீரருக்குத் தன் வாழ்க்கையில் எந்தெந்த முடிவுகள் சொந்தம், எவையெல்லாம் பிறர் கையில் என்பது இவர் கதையில் பளிச்சென்று தெரியும்.

முதலில் ஊர். அப்போது கிளாஸ்கோ கப்பலும் ரயில் எஞ்சினும் கட்டும் நகரம். சனிக்கிழமை மதியத்தோடு பட்டறைகள் மூடும். சங்கு ஊதியதும் கூட்டம் கூட்டமாக மைதானத்துக்குப் போவார்கள். 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஹாம்ப்டன், ஐப்ராக்ஸ், செல்டிக் பார்க் என்று உலகத்தின் மிகப் பெரிய கால்பந்து மைதானங்கள் மூன்றும் அந்த ஒரே ஊரில்தான் இருந்தன.

ஆட்டத்தைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். 1872-ல் இங்கிலாந்தும் ஸ்காட்லாந்தும் முதல் சர்வதேச ஆட்டம் ஆடியபோது, ஆங்கிலேயர்கள் பந்தைக் காலிலேயே வைத்துக்கொண்டு முட்டி மோதி முன்னேறுகிறவர்கள். கிளாஸ்கோவின் குயின்ஸ் பார்க் கிளப்பிலிருந்து வந்த ஸ்காட்லாந்துக்காரர்கள் ஒருவருக்கொருவர் பாஸ் செய்து ஆடினார்கள். இன்று நாம் கால்பந்து என்று பார்ப்பதன் அஸ்திவாரம் இந்தப் பாஸ் ஆட்டம்தான். பிறகு இங்கிலாந்து கிளப்புகள் ஸ்காட்லாந்து வீரர்களைத் தேடித்தேடிக் கூட்டிக்கொண்டு போயின. அவர்களுக்குப் ‘பேராசிரியர்கள்’ என்றே பெயர் வைத்தார்கள். பணம் வாங்கிக்கொண்டு ஆடுவதை இங்கிலாந்து 1885-லேயே சட்டபூர்வமாக்கிவிட்டது. ஸ்காட்லாந்து 1893 வரை இழுத்தடித்தது. அந்த எட்டு வருட இடைவெளியில் எத்தனையோ பேர் எல்லை தாண்டிவிட்டார்கள். அப்புறம் அதுவே பழக்கமாகிவிட்டது.

ஸ்பியர்ஸ் ஆடத் தொடங்கியது ஜூனியர் கால்பந்தில். ஸ்காட்லாந்தில் ஜூனியர் என்றால் சிறுவர்கள் இல்லை, லீக் கிளப்புகளுக்கு அடுத்த நிலையில் இருக்கும் உள்ளூர் அணிகள். வளர்ந்த ஆட்கள் முரட்டுத்தனமாக ஆடும் இடம். மேரிஹில் என்ற அப்படியொரு அணியிலிருந்து 1905-ல் கிளாஸ்கோவின் பெரிய கிளப்பான ரேஞ்சர்ஸ் அவரை எடுத்துக்கொண்டது. 19 வயதுப் பையனுக்கு அது பெரிய விஷயம்தான். ஆனால் அவர் போய்ச் சேர்ந்த நேரம் சரியில்லை. 1899 முதல் 1902 வரை தொடர்ந்து நான்கு வருடம் லீக்கை வென்ற ரேஞ்சர்ஸ் அப்போது தளர்ந்திருந்தது. 1905 முதல் 1910 வரை அதே ஊரின் செல்டிக் விடாமல் ஆறு முறை லீக்கைப் பிடித்தது. ஸ்பியர்ஸ் ரேஞ்சர்ஸில் இருந்த மூன்று வருடமும் அதற்குள்ளேயே அடங்கிவிட்டது. அவர் போன பிறகு 1911-ல் ரேஞ்சர்ஸ் மறுபடி ஜெயிக்க ஆரம்பித்தது. திறமை இருந்தும் காலம் ஒத்துழைக்காத இப்படிப்பட்டவர்கள் விளையாட்டு வரலாற்றில் நிறைய. அட்டவணையைப் பார்த்தால் இவர்கள் பெயர் தெரியாது.

அவர் ஆடிய இடம் இன்சைடு ஃபார்வர்டு. அன்றைய அணியில் பின்னால் இரண்டு பேர், நடுவில் மூன்று பேர், முன்னால் ஐந்து பேர். ஐந்து பேரில் ஓரத்து ஆளுக்கும் நடு ஃபார்வர்டுக்கும் இடையில் நிற்பவர் இன்சைடு. பந்தை வாங்கிப் பிரித்துக் கொடுப்பதும் அவர் வேலை, ஓடிவந்து கோல் அடிப்பதும் அவர் வேலை. ஆஃப்சைடு விதி இன்றையதைவிடக் கடுமை. சக ஆட்டக்காரர் பந்தைத் தன் பக்கம் அனுப்பும்போது தனக்கும் கோல் கோட்டுக்கும் இடையில் எதிரணியில் மூன்று பேர் இருக்க வேண்டும். (இரண்டு பேர் போதும் என்று மாற்றியது 1925-ல்.) அதனால் நெரிசலுக்குள்ளே வழி கண்டுபிடிக்கும் மூளை தேவைப்பட்டது. ஸ்காட்லாந்துக்காரர்களின் பாஸ் பழக்கம் இந்த இடத்தில்தான் விலை போனது.

1908 மார்ச் 7-ல் டண்டீயின் டென்ஸ் பார்க்கில் வேல்ஸுக்கு எதிராக ஸ்காட்லாந்து அணிக்கு ஆடினார். ஸ்காட்லாந்து 2–1 என்று ஜெயித்தது. தேசிய அணிக்கு அவர் ஆடிய ஒரே ஆட்டம் அது. ஹார்ட்ஸின் பாபி வாக்கர், செல்டிக்கின் ஜிம்மி மெக்மெனமி மாதிரி ஆட்கள் அதே வேலைக்கு நின்ற காலம். இடம் கிடைப்பது லேசில்லை.

அந்த வருடமே ரேஞ்சர்ஸை விட்டு அதே ஊரின் கிளைடு அணிக்குப் போனார். அங்கே ஒரே ஒரு சீசன். கிளைடு லீக்கில் மூன்றாவது இடம் பிடித்தது, அந்தக் கிளப்புக்கு அது பெரிய சாதனை. 1909-ல் எல்லை தாண்டி இங்கிலாந்தின் பிராட்ஃபோர்ட் சிட்டிக்கு வந்தார். அதற்குள் கல்யாணம் ஆகியிருந்தது. மனைவி பெயர் பெஸ்ஸி.

பிராட்ஃபோர்ட் கம்பளி நகரம். ஆலைப் புகைபோக்கிகள் வரிசையாக நிற்கும் யார்க்ஷயர் ஊர். அங்கே கால்பந்து புதிது. ரக்பிதான் அந்த மண்ணின் ஆட்டம். மேனிங்ஹாம் என்ற ரக்பி கிளப் கடனில் தத்தளித்து, 1903-ல் ரக்பியையே விட்டுவிட்டுக் கால்பந்து கிளப்பாக மாறியது. அதுதான் பிராட்ஃபோர்ட் சிட்டி. இன்னும் ஓர் ஆட்டம்கூட ஆடாத அந்தக் கிளப்பை ஃபுட்பால் லீக் நேரே இரண்டாம் டிவிஷனில் சேர்த்துக்கொண்டது. ரக்பி கோட்டையான யார்க்ஷயரில் கால்பந்தைப் பரப்ப லீக்குக்கு ஓர் இடம் வேண்டியிருந்தது. ஐந்தே வருடத்தில், 1908-ல், அந்த அணி முதல் டிவிஷனுக்கு ஏறிவிட்டது. மேனேஜர் பீட்டர் ஓரூர்க்கும் ஸ்காட்லாந்தில் பிறந்தவர்தான். எங்கே போய் ஆள் தேடினார் என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

இப்போது சம்பளத்துக்கு வருகிறேன், கேள்வியின் மையம் அதுதான். இங்கிலாந்தில் 1901 முதல் வீரருக்கு வாரச் சம்பள உச்சவரம்பு நாலு பவுண்டு. எவ்வளவு பெரிய ஆட்டக்காரராக இருந்தாலும் அதற்கு மேல் கொடுத்தால் கிளப்புக்கும் தண்டனை, வாங்கியவருக்கும் தண்டனை. 1910-ல் கொஞ்சம் தளர்த்தி, ஒரே கிளப்பில் சில வருடம் இருந்தால் படிப்படியாக ஐந்து பவுண்டு வரை போகலாம் என்றார்கள். பட்டறையில் கைதேர்ந்த தொழிலாளிக்கு வாரம் இரண்டு பவுண்டுக்குள் கிடைத்த காலம் அது. ஆகவே உச்சவரம்பைத் தொட்ட கால்பந்து வீரர் பஞ்சத்தில் இல்லை, பக்கத்து வீட்டுக்காரரைவிட நன்றாகவே இருந்தார். ஆனால் முப்பது முப்பத்திரண்டு வயதில் முடிந்துவிடும் வேலை அது. முழங்கால் போனால் அன்றோடு முடிந்தது.

இதைவிட முக்கியம், வீரரைக் கட்டிப்போட்ட இன்னொரு விதி. ஒப்பந்தம் ஒரு சீசனுக்குத்தான். ஆனால் சீசன் முடிந்ததும் ‘இவரை நாங்கள் வைத்துக்கொள்கிறோம்’ என்று கிளப் பட்டியலில் எழுதிவிட்டால், லீக்கில் வேறு எந்தக் கிளப்பும் அவரைத் தொட முடியாது. ஒப்பந்தம் தீர்ந்துவிட்டது, சம்பளமும் இல்லை, ஆனாலும் ஆள் கிளப்புக்குச் சொந்தம். விடுவிப்பதா வேண்டாமா, என்ன விலை என்பதெல்லாம் இயக்குநர்கள் முடிவு. இதை எதிர்த்துத்தான் 1907-ல் மான்செஸ்டரில் வேல்ஸ் வீரர் பில்லி மெரிடித் போன்றவர்கள் சேர்ந்து சங்கம் தொடங்கினார்கள். 1909-ல் சங்கத்தை விட்டு விலகாவிட்டால் ஆட முடியாது என்று இங்கிலாந்துக் கால்பந்தை நிர்வகிக்கும் எஃப்.ஏ. மிரட்டியது. ஸ்பியர்ஸ் பிராட்ஃபோர்டுக்கு வந்தது சரியாக அந்த வருடம். சம்பள உச்சவரம்பு ஒழிய 1961 வரை ஆயிற்று. ஆளைப் பிடித்துவைக்கும் விதியை ஒரு நீதிமன்றம் நியாயமற்றது என்று சொன்னது 1963-ல். எனக்கு இதை வாசிக்கும்போதெல்லாம் கோபம் வரும். அறுபதாயிரம் பேர் டிக்கெட் வாங்கி உள்ளே வருகிற ஆட்டத்தில், அந்தக் கூட்டத்தை வரவழைத்தவருக்கு வாரம் நாலு பவுண்டு.

சரி, 1911-க்கு வருவோம். அந்த சீசனில் பிராட்ஃபோர்ட் சிட்டி முதல் டிவிஷனில் ஐந்தாவது இடம் பிடித்தது. இன்று வரை அந்தக் கிளப்பின் உச்சம் அதுதான். கோப்பைப் போட்டியில் நியூ பிராம்ப்டன், நார்விச், கிரிம்ஸ்பி, பர்ன்லி என்று ஒவ்வொருவராகத் தாண்டினார்கள். எல்லாமே ஒரு கோல் வித்தியாச வெற்றிகள். பர்ன்லி ஆட்டத்துக்கு வேலி பரேடு மைதானத்தில் 39,146 பேர் வந்தார்கள். அந்த மைதானத்தின் சாதனைக் கூட்டம் அதுதான், இன்னும் முறியவில்லை. அரையிறுதியில் பிளாக்பர்ன் ரோவர்ஸை 3–0 என்று தோற்கடித்தார்கள். இறுதி ஆட்டம் வரை அவர்கள் வாங்கிய கோல் ஒன்றே ஒன்று, நார்விச்சிடம்.

எதிரே நியூகாசில் யுனைடெட். 1909 லீக் சாம்பியன், 1910 கோப்பை சாம்பியன். ஏழு வருடத்தில் ஐந்தாவது முறையாக இறுதி ஆட்டத்துக்கு வந்திருந்தார்கள். ஒரு விசித்திரம்: லண்டன் கிரிஸ்டல் பேலஸ் மைதானம் மட்டும் அவர்களுக்கு ராசியில்லை. 1905, 1906, 1908 மூன்று முறையும் அங்கே தோல்வி. 1910-ல் அங்கே டிரா செய்து, லிவர்பூலில் நடந்த மறு ஆட்டத்தில்தான் ஜெயித்தார்கள்.

1911 ஏப்ரல் 22, கிரிஸ்டல் பேலஸ். ஏறக்குறைய 69,000 பேர் பார்க்க, 0–0. நல்ல ஆட்டம் என்று யாரும் சொல்லவில்லை. நான்கு நாள் கழித்து, 26-ஆம் தேதி புதன்கிழமை, மான்செஸ்டரின் ஓல்டு டிராஃபோர்டில் மறு ஆட்டம். மைதானம் திறந்து ஒரு வருடம்தான் ஆகியிருந்தது. சுமார் 58,000 பேர்.

அந்தப் பந்தைக் கொஞ்சம் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். கெட்டித் தோல் பட்டைகளைச் சேர்த்துத் தைத்தது. உள்ளே ரப்பர் பை. காற்றடித்து மூடுவதற்கு ஒரு வாய், அந்த வாயைத் தோல் வாரால் ஷூ கட்டுவதுபோல இழுத்துக் கட்டியிருப்பார்கள். மழையில் நனைந்தால் தோல் தண்ணீர் குடித்துக் கனத்துவிடும். தலையால் முட்டும்போது அந்த வார் முடிச்சு நெற்றியில் பட்டால் கிழித்துவிடும். மாற்று ஆட்டக்காரர் என்ற ஏற்பாடே கிடையாது. அடிபட்டால் நொண்டிக்கொண்டே ஆட வேண்டும், இல்லாவிட்டால் அணி பத்துப் பேரோடு ஆட வேண்டும். முதுகில் எண் கிடையாது. கணுக்காலை மூடிய கெட்டி பூட்ஸ்.

ஆட்டம் தொடங்கிப் பதினைந்து நிமிடம் இருக்கும். நியூகாசில் கோல் முகத்தில் பந்து உயரே வந்து விழுகிறது. ஸ்பியர்ஸ் தலையால் கோல் பக்கம் திருப்புகிறார். சென்டர் ஃபார்வர்டு ஃபிராங்க் ஓரூர்க் பாய்ந்து கோல்கீப்பர் ஜிம்மி லாரன்ஸின் கவனத்தைக் கலைக்க, பந்து உள்ளே போய்விடுகிறது. ஓரூர்க் தொட்டாரா, ஸ்பியர்ஸ் அடித்ததே நேரே போனதா என்று அப்போதே பேச்சு இருந்தது. பதிவில் கோல் ஸ்பியர்ஸ் பெயரில். வலை கிழிய அடித்த கோல் இல்லை. ஆனால் மீதி எழுபத்தைந்து நிமிடமும் பிராட்ஃபோர்டின் தடுப்பு அசையவில்லை. 1–0.

அந்த அணியின் பெயர்களைச் சொன்னால்தான் நான் மேலே சொன்ன ‘பேராசிரியர்கள்’ கதை புரியும். கேம்ப்பெல், டெய்லர், டாரன்ஸ், மெக்டொனால்டு, லோகன், ஸ்பியர்ஸ், ஓரூர்க், டிவைன் — எட்டுப் பேர் ஸ்காட்லாந்துக்காரர்கள். மெல்லர்ஸ், ராபின்சன் இருவர்தான் ஆங்கிலேயர். தாம்சன் அயர்லாந்துக்காரர். தோற்ற அணியின் கோல்கீப்பர் லாரன்ஸும் கிளாஸ்கோக்காரரே. இங்கிலாந்தின் கோப்பைதான், ஆனால் அன்று அதற்காக ஓடிய கால்களில் பெரும்பாதி வடக்கிலிருந்து வந்தவை.

கோப்பையிலும் ஒரு கதை இருக்கிறது. முதல் கோப்பை 1895-ல் பர்மிங்காமில் திருட்டுப் போனது. அதேபோலச் செய்த இரண்டாவது கோப்பையின் வடிவத்தை யாரோ நகல் எடுத்துவிட்டார்கள் என்று தெரிந்ததும், எஃப்.ஏ. அதை ஓய்வு கொடுத்துவிட்டு 1911-ல் புதிதாக ஒன்று செய்யச் சொன்னது. அந்த வேலை ஃபட்டோரினி என்ற நகைக் கம்பெனிக்குப் போனது. அவர்கள் பிராட்ஃபோர்ட் நகரத்துக்காரர்கள். பிராட்ஃபோர்டில் இருந்து போன கோப்பையை முதல் வருடமே பிராட்ஃபோர்ட் அணி ஜெயித்து வீட்டுக்குக் கொண்டுவந்தது. இன்று டிவியில் மே மாதம் பார்க்கிற எஃப்.ஏ. கோப்பையின் வடிவம் அதுதான். அந்த வடிவத்தை வென்ற கேப்டனாக முதன்முதலில் கையில் வாங்கியவர் ஸ்பியர்ஸ். 25 வயது.

மறு வருடமும் அந்தத் தடுப்பு உடையவில்லை. இரண்டு சீசனையும் சேர்த்து, தொடர்ந்து 12 கோப்பை ஆட்டங்களில் பிராட்ஃபோர்ட் ஒரு கோல்கூட வாங்கவில்லை. பார்ன்ஸ்லியோடு மூன்று முறை 0–0 ஆகி, நான்காவது ஆட்டத்தில் 3–2 என்று தோற்றார்கள். பிறகு பிராட்ஃபோர்ட் சிட்டி எஃப்.ஏ. கோப்பையை வெல்லவே இல்லை.

1912 டிசம்பரில் ஸ்பியர்ஸை விற்றார்கள். வாங்கியது பதினைந்து கிலோமீட்டர் தள்ளியிருக்கும் லீட்ஸ் சிட்டி, இரண்டாம் டிவிஷன் அணி. விலை 1,400 பவுண்டு. ஏழு வருடம் முன்னால் முதல் ஆயிரம் பவுண்டு விற்பனை நடந்தபோது இங்கிலாந்து முழுக்க அதைப் பெரிய அக்கிரமமாகப் பேசினார்கள். ஆகவே 1,400 சாதாரணத் தொகை இல்லை. வாரம் நாலு பவுண்டு என்று கணக்குப் போட்டால் ஏறக்குறைய ஏழு வருடச் சம்பளம். அதில் வீரருக்குச் சட்டப்படி கிடைக்கக்கூடியது கையெழுத்துத் தொகை பத்துப் பவுண்டு. மிச்சம் ஒரு கிளப்பிலிருந்து இன்னொரு கிளப்புக்கு.

லீட்ஸின் மேனேஜர் ஹெர்பெர்ட் சாப்மன். பின்னாளில் ஹடர்ஸ்ஃபீல்டையும் ஆர்சனலையும் லீக் சாம்பியனாக்கி, ஆங்கிலக் கால்பந்தின் மிகப் பெரிய மேனேஜர்களில் ஒருவராகப் பேர் வாங்கியவர். அப்போதுதான் லீட்ஸில் வேலைக்குச் சேர்ந்திருந்தார். ஸ்பியர்ஸ் அங்கே 73 லீக் ஆட்டங்களில் 32 கோல் அடித்தார். நடுவில் நின்று ஆட்டத்தை நடத்துகிறவருக்கு இது நல்ல கணக்கு. 1913–14 சீசனில் லீட்ஸ் நான்காவது இடம். இரண்டே புள்ளியில் முதல் டிவிஷனைத் தவறவிட்டார்கள்.

1914 ஆகஸ்டில் முதல் உலகப் போர் வந்தது. லீக் நிற்கவில்லை. ஒப்பந்தங்கள் இருக்கின்றன, ஆட்டம் மக்களுக்கு ஆறுதல் என்று நிர்வாகம் சொன்னது. பத்திரிகைகள் வீரர்களைப் பிடித்துக்கொண்டன: இளைஞர்கள் அங்கே சாகிறார்கள், இவர்கள் இங்கே பந்து உதைக்கிறார்களா என்று. எடின்பரோவின் ஹார்ட்ஸ் அணி வீரர்கள் நவம்பரில் கூட்டமாகப் படையில் சேர்ந்தார்கள். டிசம்பரில் லண்டனில் கால்பந்து வீரர்களுக்கென்றே ஒரு பட்டாளம் தொடங்கினார்கள்.

ஸ்பியர்ஸ் சீசனை முடித்துவிட்டு கிளாஸ்கோவுக்குத் திரும்பி, 1915 மே 17-ல் கேமரன் ஹைலேண்டர்ஸ் படைப்பிரிவில் சேர்ந்தார். அப்போது அவருக்கு 29 வயது, இரண்டு குழந்தைகள். கட்டாய ராணுவச் சேவை அப்போது கிடையாது. அது மணமாகாதவர்களுக்கு 1916 ஜனவரியில், மணமானவர்களுக்கு மே மாதத்தில்தான் சட்டமானது. யாரும் அவரை இழுத்துப் போகவில்லை. கிளப், சம்பளம், விலை என்று அவர் தொழில் வாழ்க்கையில் எல்லாவற்றையும் மற்றவர்கள் தீர்மானித்தார்கள். இதை அவரே தீர்மானித்தார். சரியா தவறா என்று நான் சொல்ல வரவில்லை. இரண்டு பிள்ளைகளை வைத்துக்கொண்டு அந்த மே மாதம் அந்த வீட்டில் என்ன பேசியிருப்பார்கள் என்று மட்டும் யோசித்துப் பார்த்திருக்கிறேன்.

1916-ல் பிரான்ஸுக்கு அனுப்பப்பட்டார். 1917 மே மாதம் அவருக்கு மிலிட்டரி மெடல் கிடைத்தது. அதிகாரி அல்லாத சிப்பாய்களின் களத் துணிவுக்காக முந்தைய வருடம்தான் ஏற்படுத்தப்பட்ட விருது அது. சார்ஜென்ட் ஆனார். ஜூலை 31-ல் பெல்ஜியத்தில் ஈப்ர் நகருக்குப் பக்கத்தில் பெரும் தாக்குதல் ஆரம்பித்தது. பாசெண்டேல் என்ற பெயரில் நாம் அறிந்திருப்பது அதுதான். ஆகஸ்ட் முழுக்க மழை. அந்தத் தாழ்வான களிமண் நிலத்தின் வடிகால்களைக் குண்டுகள் ஏற்கெனவே தகர்த்திருந்தன. தண்ணீர் போக இடமில்லை. குண்டு விழுந்த குழிகள் எல்லாம் குளமாயின. பலகைப் பாதையிலிருந்து கால் தவறினால் சேறு ஆளை விழுங்கும். 1917 ஆகஸ்ட் 20-ல் ஸ்பியர்ஸ் அங்கே இறந்தார். 31 வயது.

அவர் கல்லறை டோக்கி ஃபார்ம் நியூ பிரிட்டிஷ் கல்லறைத் தோட்டத்தில் இருக்கிறது. டோக்கி ஃபார்ம் என்பது ஒரு பண்ணை. ஜெர்மானியர்கள் அதை அரணாக்கி வைத்திருந்தார்கள். அவர் இறந்து ஆறு வாரம் கழித்து, அக்டோபர் 4-ல்தான் நியூசிலாந்துப் படை அதைப் பிடித்தது. போர் முடிந்த பிறகு, சுற்றுப்புறத்தில் அங்கொன்றும் இங்கொன்றுமாகப் புதைந்து கிடந்தவர்களைத் தோண்டி எடுத்து அங்கே சேர்த்தார்கள். மொத்தம் 1,439 பேர். அதில் 958 பேர் யார் என்றே தெரியாது. மூன்றில் இரண்டு பங்கு கல்லில் பெயர் இல்லை. ஸ்பியர்ஸின் பெயர் இருக்கிறது.

அவரோடு ஆடியவர்களையும் சொல்ல வேண்டும். மறு ஆட்டத்தில் தடுப்பின் நடுவில் நின்று நியூகாசிலைத் தாங்கிய பாப் டாரன்ஸ் 1918 ஏப்ரலில் போரில் இறந்தார். பிராட்ஃபோர்டிலும் லீட்ஸிலும் ஸ்பியர்ஸோடு ஆடிய எவலின் லிண்டாட், பள்ளி ஆசிரியர், வீரர் சங்கத்துக்குத் தலைவராக இருந்தவர், 1916 ஜூலை 1-ல் சோம் போரின் முதல் நாளிலேயே போய்விட்டார். இன்னொரு பெயர், இது என்னை ரொம்ப நாள் தொந்தரவு செய்தது: சாண்டி டர்ன்புல். ஸ்காட்லாந்துக்காரர், அவரும் இன்சைடு ஃபார்வர்டு. 1909 எஃப்.ஏ. கோப்பை இறுதியில் மான்செஸ்டர் யுனைடெடின் ஒரே கோல் அவருடையது. உச்சவரம்புக்கு மேல் பணம் வாங்கியதற்காக ஒருமுறை தடை பெற்றவர். 1915-ல் பேசிவைத்து ஆடிய ஓர் ஆட்டத்துக்காக ஆயுள் தடை பெற்றவர். 1917 மே 3-ல் ஆராஸ் போர்முனையில் இறந்தார். 1909, 1911 இரண்டு கோப்பைகளின் வெற்றி கோலை அடித்த இரண்டு ஸ்காட்லாந்துக்காரர்களும் நான்கு மாதத்துக்குள் அடுத்தடுத்துப் போனார்கள்.

லீட்ஸ் சிட்டியும் மிஞ்சவில்லை. போர்க்காலத்தில் வீரர்களுக்கு விதியை மீறிப் பணம் கொடுத்தார்கள் என்ற புகாரில் கணக்குப் புத்தகங்களைக் காட்ட மறுத்ததால், 1919-ல் லீக் அந்தக் கிளப்பை வெளியேற்றியது. அக்டோபர் 17-ல் லீட்ஸின் மெட்ரோபோல் ஹோட்டலில் வீரர்களை ஏலம் விட்டார்கள். கோல் கம்பங்கள், வலை, பூட்ஸ் ஆகியவற்றோடு மனிதர்களும் ஒரே ஏலத்தில். ஸ்பியர்ஸோடு முன்வரிசையில் ஆடிய பில்லி மெக்லியாட் 1,250 பவுண்டுக்குப் போனார். ஸ்பியர்ஸ் உயிரோடு திரும்பியிருந்தால் அவர் பெயரும் அந்தப் பட்டியலில் இருந்திருக்கலாம். பிறகு அதே எலண்ட் ரோடு மைதானத்தில் புதிதாகத் தொடங்கியதுதான் இன்றைய லீட்ஸ் யுனைடெட்.

கேள்விக்கு நேரடியாகப் பதில் சொல்லிவிடுகிறேன். முதல் டிவிஷன் வீரர் சாப்பாட்டுக்கு இன்னொரு வேலை பார்க்க வேண்டிய நிலையில் இல்லை. வாடகை வீடு, குடும்பம், தெருவில் மரியாதை எல்லாம் இருந்தது. எந்த ஊரில் இருப்பது, யாருக்கு ஆடுவது, தன் திறமைக்கு என்ன விலை என்பவை அவர் கையில் இல்லை. 2003-ல் ஸ்பியர்ஸின் 1911 எஃப்.ஏ. கோப்பைப் பதக்கம் லண்டனில் ஏலத்துக்கு வந்தது. 26,000 பவுண்டுக்கு மேல் போனது.